லிஃப்டுக்கு முன்கூட்டியே சொன்ன நன்றி

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு. ஒன்று ஓடவே ஓடாது. மற்றது மனசு வைத்தால் ஓடும். ஓடாததைப் பற்றி எங்களில் யாருக்கும் வருத்தமில்லை. அது செத்துப் பல வருடமாகிவிட்டது. வாசலில் பலகை சாத்தி, பலகைமேல் வட்டிக்குக் கொடுப்பவர்கள் தங்கள் நோட்டீஸை ஒட்டி, கருமாதியெல்லாம் முடிந்துபோன விஷயம். மனசு வைத்தால் ஓடுகிறதே, அதுதான் மனுஷனை ஏமாற்றும். காலையில் ஓடும். அதை நம்பிச் சாயங்காலம் அரிசி மூட்டையோடு வந்து நின்றால் ஓடாது.

ஜார்ஜ்டவுனுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தத் தெருக்களிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு நடந்தே வந்துவிடலாம். யாரும் வருவதில்லை. பதினேழு மாடி, ஒரு மாடிக்குப் பன்னிரண்டு வாசல், அத்தனையும் அரசாங்கத்துக்கு வாடகை கட்டும் வீடுகள். எனக்கு மூன்றாம் மாடி. முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டே ஏறிவிடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லிஃப்டுக்காக நான் பட்டபாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏதோ எனக்காகப் பட்ட மாதிரி தோன்றிவிடும்.

முப்பத்தோரு வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக உட்கார்ந்து கடிதமும் மனுவும் அடித்துக்கொண்டிருந்தேன். அலுவலக மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம் கட்டடத்துக் குடியிருப்பாளர் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆண்டிக்காவது பொங்கல் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது முத்திரை குத்த ஒரு ரப்பர் சாப்பு, மை காய்ந்துபோன ஒரு பேட்.

ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு லிஃப்டும் அடியோடு நின்ற முதல் மாதம் நாங்கள் எல்லோருமே பொறுமையாக இருந்தோம். இதற்கெல்லாம் பழக்கப்பட்ட ஜென்மங்கள். பொறுக்க முடியாதவர் ஒருவர்தான், பதினோராம் மாடியில்.

அவர் பாகான் டாலாம்காரர், லோரி ஓட்டியவர். இனிப்புநீர் நோய் வந்து வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அப்புறம் சிறுநீரகமும் போனது. வாரத்துக்கு மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரைக்கு டயாலிசிஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். அவர் மனைவிக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. பைராம் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள், இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்குகிறாள். என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். மற்றபடி லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

லிஃப்ட் நின்ற பிறகு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்க ஆரம்பித்தார்கள். எட்டாம் மாடியில் இரண்டு மலாய் இளைஞர்கள், ஆறாம் மாடிச் சீனர் ஒருவர், பாசாரில் மூட்டை தூக்கும் பங்களாதேசி ஒருவர். நால்வருக்கும் ஒரு வெள்ளி கூடக் கொடுத்ததில்லை, கேட்டதுமில்லை. நாட்டு ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் காலை ஐந்தரைக்கு எங்கள் மாடிப்படிக்கு வந்து பார்த்திருக்கலாம். இறங்குவது ஒரு மாதிரி. ஏறுவதுதான் கொடுமை. ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வருகிறவருக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது, தலை தொங்கும், நாற்காலியோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிடுவாள் மனைவி. பார்க்க முடியாமல் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இரண்டாம் மாதம் அவர் ஒரு வியாழக்கிழமை போகவில்லை. தூக்குகிறவர்களுக்குச் சங்கடம், எனக்கு வெட்கம், இன்றைக்கு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாராம். சனிக்கிழமை போனபோது மூச்சு முட்டியது. இன்னும் இரண்டு முறை இப்படி விட்டால் நுரையீரலில் நீர் கோத்து ஆள் போய்விடுவார் என்று அங்கிருந்த தாதி சத்தம் போட்டிருக்கிறாள். அன்று மாலை அந்தத் தங்கச்சி என் கதவைத் தட்டி, "அக்கா, ஏதாச்சும் லெட்டர் எழுதுங்கக்கா" என்றாள்.

எழுதினேன். வீடமைப்பு அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். முகப்பில் இருந்த பெண் மிகவும் நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டே வாங்கி, ஒரு சாப்பு வைத்து, நகலைத் திருப்பிக் கொடுத்தாள். குத்தகைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். குத்தகைக்காரர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன். உதிரிப்பாகம் வருவதைப் பார்க்கிறாராம். எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. இப்படி நான்கு முறை போனேன், நான்கு நகல் சேர்ந்தது.

இடையில் கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. தையல்காரச் சீனக் கிழவர் ஒருவர் இருந்தார், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று பதினோராம் மாடிக்காரர்களுக்காக ஒரு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், லிஃப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை, இன்றுவரை பழுதுபார்க்கப்படவில்லை, நோயாளியைப் படிக்கட்டில் தூக்கிச் செல்கிறோம் என்று எழுதினேன். டயாலிசிஸ் அட்டை, கால் எடுத்ததற்கான மருத்துவமனைக் கடிதம் எல்லாம் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. வக்கீல் அலுவலகத்தில் இருந்தபோதுகூட இவ்வளவு சுத்தமாக ஒரு மனு அடித்ததில்லை. எனக்கே ஒரு கர்வம் இருந்தது.

மனுவைப் பார்த்த எங்கள் குழுத் தலைவர் சிரித்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எந்தக் கட்சியிலும் இல்லாமல் எல்லாக் கட்சிச் சாப்பாட்டுக்கும் போகிறவர். கடிதத்தால் இந்த ஊரில் எதுவும் ஆனதில்லை என்றார். ஒய்பியைப் பிடிக்க வேண்டும் என்றார். சட்டமன்ற உறுப்பினரைத் தமிழ்ப் பத்திரிகையில் மாண்புமிகு என்று போடுவார்கள். நாங்கள் ஒய்பி என்போம். ஒய்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அவருடைய உதவியாளரைப் பிடிக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

பூசாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நம்ம ஆள்தான். இரண்டு கைப்பேசி, சட்டைப் பையில் ஒரு கட்சி பேட்ஜ், வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். லிஃப்டைப் பற்றி நான் சொல்லச் சொல்ல முகம் வாடியது. பாவம் பாவம் என்றார். உடனே ஒரு தேநீர் விருந்து வைத்துவிடலாம் என்றார். லிஃப்டுக்கும் தேநீருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாதவள் என்று காட்டிக்கொள்ளவும் மனமில்லை. தலையை ஆட்டினேன்.

அப்புறம் அவர் அனுப்பிய பட்டியல் வந்தது. மேடைக்குப் பின்னால் பேனர், அதில் ஒய்பியின் முகம் மற்ற எந்த முகத்தைவிடவும் பெரிதாக. முன்வரிசை நாற்காலிகளுக்கு உறை. மாலை ஒன்று, அது சந்தனமாலையாக இருந்தால் நலம், பூமாலை சட்டையில் கறை வைக்கிறது. பொன்னாடை மூன்று. சைவம் தனி, அசைவம் தனி, ஹலால் சான்றிதழோடு. கடைசியில், இடமிருந்தால், லிஃப்ட் பிரச்சினை.

பொன்னாடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தலைவர் சொன்னார். எங்கள் குழுவிடம் மூன்று பொன்னாடை நிரந்தரமாக இருக்கிறது. போர்த்துவோம், போர்த்திக்கொண்டவர் படம் எடுத்ததும் கழற்றி உதவியாளரிடம் கொடுப்பார், உதவியாளர் அதைக் காருக்குப் பின்னால் வைத்து என்ன செய்ய என்று யோசித்து எங்கள் தலைவரிடமே திருப்பிவிடுவார். பச்சையில் ஜரிகை போட்ட ஒன்றில் கோப்பிக் கறை இருக்கும். அதைப் பதவி சிறியவருக்குப் போர்த்துவது வழக்கம். அந்த ஒரே பொன்னாடையை மூன்று தேர்தலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் எல்லோருக்கும் போர்த்தியிருக்கிறோம்.

மூன்று மணி விருந்துக்கு ஒய்பி ஐந்து மணிக்கு வந்தார். தமிழர் அல்லர், ஆனாலும் வணக்கம், நலமா, நன்றி மூன்றையும் தப்பில்லாமல் சொன்னார். கையைத் தட்டிக் கையே வலித்தது எங்களுக்கு. லிஃப்ட்தான் தன் முதல் வேலை என்று பேசினார். பதினோராம் மாடிக்காரரை அன்று தூக்கி இறக்கி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். அது என் யோசனைதான், இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒய்பி குனிந்து அவர் கையைப் பிடித்தார், படம் எடுத்தார்கள். பிறகு லிஃப்ட் வாசலில் நின்று பொத்தானை அமுக்குகிற மாதிரி ஒரு படம். பொத்தானில் விளக்கு எரியவில்லை. எரிகிற மாதிரி படத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று படம் எடுத்தவர் சொன்னார். இருபது நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது, பதினோராம் மாடிக்காரரை மறுபடியும் மேலே தூக்கினோம்.

ஒரு மாதம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. உதவியாளர் கைப்பேசியை எடுப்பதில்லை, எடுத்தால் கூட்டத்தில் இருப்பார். அப்போதுதான் தலைவர் அந்த யோசனையைச் சொன்னார். இதைப் பிறத்தியார் கேட்டால் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்தில் இது நெடுநாள் பழக்கம். சாக்கடை அடைத்தால், தெருவிளக்கு எரியாவிட்டால், ஒரு பேனர் கட்டுவோம். கண்டித்து அல்ல. நன்றி சொல்லி. கண்டித்துக் கட்டினால் எதிர்க்கட்சி என்பார்கள், ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துவிடுவார்கள். நன்றி சொல்லிக் கட்டிய பேனரை யாரும் அறுப்பதில்லை.

"செய்யறதுக்கு முந்தியே நன்றி சொல்லிடணும்மா. அப்பறம் செய்யலன்னா அவருக்குத்தான் மானம் போயிரும், பார்த்துக்க" என்றார் தலைவர்.

வாசகம் நான்தான் எழுதினேன். மலாயில் இரண்டு வரி, தமிழில் இரண்டு வரி. எங்கள் லிஃப்டைச் சரிசெய்து கொடுத்த ஒய்பி அவர்களுக்குக் குடியிருப்பாளர்களின் மனமார்ந்த நன்றி. ஒய்பி பொத்தானை அமுக்கும் படத்தை நடுவில் போட்டோம். சாலையைப் பார்த்த மாதிரி இரண்டாம் மாடிக் கைப்பிடியில் கட்டினோம். பேருந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கட்டடத்துக்காரர்களே சிலர் பேனரை நம்பி லிஃப்ட் வாசலில் போய் நின்று பொத்தானை அமுக்கிவிட்டு என்னைத் திட்டிக்கொண்டு படியேறினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஐந்தாவது முறையாக வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அதே பெண், அதே சிரிப்பு. கணினியைத் தட்டிப் பார்த்து, உங்கள் லிஃப்ட் வேலை முடிந்துவிட்டதே என்றாள். திரையை என் பக்கம் திருப்பினாள். பணி முடிந்தது. சான்று, புகைப்படம் இரண்டு. ஒன்றில் ஒய்பி பொத்தானை அமுக்குகிறார், விளக்கு பளிச்சென்று எரிகிறது. இன்னொன்றில் எங்கள் பேனர். பேனர் கட்டிய தேதிதான் வேலை முடிந்த தேதி.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு ரசீது கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுபது வயதுத் தலைவரை நடுத்தெருவில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவரும் பாவம், "நன்றி சொன்னதுக்கா இப்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேனரை அன்றே இறக்கினோம். இறக்கிய மறுநிமிடம் உதவியாளர் தானே என்னைக் கூப்பிட்டார். ஏன் இறக்கினீர்கள், ஏதாவது மனக்கசப்பா என்று விசாரித்தார். ஆறு வாரமாகக் கூட்டத்தில் இருந்த மனுஷர்.

பினாங்கு வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினோம். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து நான் முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் நிலைமையை விளக்கினார். வேலை முடிந்ததாகக் கோப்பை மூடியாகிவிட்டது, குத்தகைக்காரருக்குப் போக வேண்டியதும் போய்விட்டது. இப்போது வேலை நடக்கவே இல்லை என்று நான் எழுதினால் விசாரணை வரும். விசாரணை முடிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அதுவரை யாரும் அந்த லிஃப்டைத் தொட முடியாது, அது சாட்சிப் பொருள். அந்தப் பதினோராம் மாடி அண்ணன் அதுவரை என்ன செய்வார் என்று கேட்டார்.

"அதுக்கு ஒரு வழி இருக்குக்கா. அந்தத் தேதியில ரிப்பேர் பண்ணாங்க, அதுலேருந்து நல்லாத்தான் ஓடுச்சுன்னு கமிட்டி லெட்டர் ஒண்ணு குடுத்துருங்க. இப்ப புதுசா ரோசாக் ஆகி நின்னுபோன மாதிரி நான் அவசர வேலைல போட்டு விடுறேன். ரெண்டு நாள்ல லிஃப்ட் ஓடும்" என்றார்.

குத்தகைக்காரர் யார் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் உதவியாளருக்கும் என்ன உறவு என்று கேட்கவில்லை. அந்தத் தே தாரிக்கை யார் கணக்கில் குடித்தேன் என்றும் கேட்கவில்லை. கிராணியாக இருந்தவளுக்குத் தெரியாதா பொய்ச்சான்று என்றால் என்ன என்று. தெரியும். எத்தனை பேருடைய பொய்ச்சான்றை நானே அடித்து, நீதிமன்றத்தில் அது கிழிபடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நாற்காலி வழுக்கி அவர் ஐந்தாம் மாடித் திருப்பத்தில் விழுந்திருந்தார். எடுத்த காலின் நுனி சுவரில் இடித்து ரத்தம் கசிந்தது. அவர் கத்தவில்லை, தூக்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

வீட்டுக்கு வந்து அடித்தேன். சம்பந்தப்பட்ட தேதியில் பழுது முழுமையாக நீக்கப்பட்டு, இன்று காலைவரை லிஃப்ட் நல்லமுறையில் இயங்கிவந்தது என உறுதிப்படுத்துகிறேன். கையெழுத்து. மை காய்ந்த பேடில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சாப்பு வைத்தேன். நல்ல மலாய். ஒரு பிழை கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, சொன்ன மாதிரியே இரண்டாம் நாள் ஆள் வந்தது. உதிரிப்பாகம் எங்கிருந்தோ ஒரே பகலில் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பதினோராம் மாடிக்காரர் சக்கர நாற்காலியில் லிஃப்டில் இறங்கினார். கீழே நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். கதவு திறந்ததும் அவருக்கு எங்களைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து வந்தவர் நேரே மேலே போகாமல், மனைவியைத் தள்ளச் சொல்லி மூலைக் கடைக்குப் போய் உட்கார்ந்து, குடிக்கக்கூடாத கோப்பியில் இரண்டு மடக்குக் குடித்தாராம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூணாம் மாடி அக்காதான் இதைச் செய்து கொடுத்தது என்று சொன்னாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பொய் எழுதினால் என்ன, ஒரு மனுஷன் வெளிச்சத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறானே என்று நினைத்தேன்.

இருபத்திரண்டு நாள் ஓடியது. இருபத்துமூன்றாம் நாள் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் நின்றது. பழைய பாகத்தையே துடைத்துப் போட்டிருக்கிறான் என்று ஆறாம் மாடிச் சீனர் சொன்னார், அவருக்குக் கொஞ்சம் இயந்திரம் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி மறுபடியும் வெளியே வந்தது. உதவியாளர் மறுபடியும் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போதும் பெரிய கவலை இல்லை. லிஃப்ட் போனால் போகிறது, கீழ்த்தள வீடு இருக்கிறதே, மனு அவ்வளவு பலமான மனு, எந்த நாளும் பதில் வந்துவிடும் என்று இருந்தேன். அந்தத் தங்கச்சியும் தையல்காரர் வீட்டு ஜன்னலுக்கு எந்த அளவு திரை வேண்டும் என்று பார்த்து வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் பாசாருக்கு இறங்கும்போது அந்த வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தது. கதவுக்கு மேலே ஒரு பலகை. ஒய்பியின் மக்கள் சேவை அறை, மாதத்தில் முதல் சனிக்கிழமை திறந்திருக்கும். பலகையில் அவர் முகம் பெரிதாகவே இருந்தது.

அன்று மத்தியானம் தங்கச்சி ஓர் உறையோடு வந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருந்தாள், விரலெல்லாம் வெங்காய வாசம். வாய்மொழி மலாயில் அவள் கெட்டிக்காரி, பாசாரில் பேரம் பேசினால் யாரும் நிற்க முடியாது. அலுவலகக் கடிதம் என்றால் மட்டும் தலை சுற்றும் என்பாள். பிரித்துப் படியுங்கள் என்று என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

முதல் பத்தி வழக்கமான மரியாதை. இரண்டாம் பத்தியில், விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. மூன்றாம் பத்தியில் காரணம். விண்ணப்பதாரர் தம் மனுவில் லிஃப்ட் பழுதுபார்க்கப்படவில்லை என்று கூறியிருப்பினும், குடியிருப்பாளர் குழுச் செயலாளரின் எழுத்துமூல உறுதிப்படி லிஃப்ட் பழுது நீக்கப்பட்டு நல்லமுறையில் இயங்கிவந்துள்ளது. எனவே தவறான தகவல். எனவே நிராகரிப்பு. ஓராண்டுக்கு மறுவிண்ணப்பம் செய்ய இயலாது.

இரண்டு கடிதத்தையும் அடித்தது இதே பத்து விரல். ஒன்று அங்கே போய் இன்னொன்றின் கழுத்தைப் பிடிக்கும் என்று முப்பத்தோரு வருடக் கிராணிக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. வீடு காலியில்லை என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மூன்றாம் பத்தியைத் தமிழில் அப்படியே சொன்னேன். செயலாளர் என்று வந்த இடத்தில் நிறுத்தினேன்.

"அந்த செயலாளரு..." என்றாள்.

"நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தே தாரிக் கடை, கோப்பு, தேதி, சாப்பு, எல்லாம். என்னை நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அறையவில்லை, திட்டவும் இல்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்து, உறைக்குள் வைத்தாள்.

"அவருகிட்ட இத சொல்லிடாதீங்கக்கா" என்றாள். "ஒடம்புல ஒண்ணுமில்ல அவருக்கு. ஒங்களத்தான் நம்பிக்கிட்டு இருக்காரு. அதுவும் போச்சுன்னா சனிக்கெழம எந்திரிக்கவே மாட்டாரு."

அவள் போனபிறகு நான் அழுதேன். செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். நான் போனால் சாப்பு தலைவர் கைக்குப் போகும், அவர் மறுபடியும் யாருக்காவது நன்றி சொல்வார். விசாரணை வந்தால் வரட்டும் என்று உண்மையை எழுதி வைத்திருக்கிறேன், மூன்று பக்கம். அதை அனுப்பினால் முதலில் மாட்டுவது நான், அடுத்து லிஃப்ட். சாட்சிப் பொருளைத் தொட மாட்டார்கள். அது இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. வழக்கமாகச் சாத்திக்கொள்ளும் கதவை அன்று திறந்துவைத்துக்கொண்டு வெளியே நின்றேன். மூச்சு வாங்க மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். சீனர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் தங்கச்சி பையும் தண்ணீர்ப் போத்தலுமாக நின்றாள்.

என்னைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். பசியாறியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். கீழ்வீட்டுக் கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வரல தம்பி" என்றேன்.

"அவசரமில்லக்கா" என்றார். "நீங்க எழுதுனதுதானே. கண்டிப்பா ஏத்துக்குவாங்க."

சரி தூக்கலாமா என்று மலாய்க்காரர்களில் ஒருவர் கேட்டார். நால்வரும் குனிந்தார்கள். அவர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைக் கும்பிட்டார்.